தகட்டுக்குள் இருக்கும் கணக்கு

வத்தலக்குண்டில் தகர வேலை செய்கிற பெரியவர் ஒருவர் புனல் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பிடித்த காரியம். காம்பஸை ஊன்றித் தகட்டில் அரைவட்டம் கீறுவார். மடிப்புக்கு விரல்கடை அதிகம் விட்டு வெட்டுவார். உருட்டுக் கம்பிமேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டத் தட்ட, தகடு தானாகவே கூம்பாகச் சுருண்டு வரும். நுனியை நறுக்கிவிட்டு ஒரு சின்னக் குழாயை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் புனல் தயார். 20 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வெட்டினால் கூம்பின் வாய் அகலமும் 20 செ.மீ.தான் வரும்.

"வாய் சிறுசா வேணுமா? அரைவட்டத்துல கொஞ்சம் நறுக்கிரு தம்பி, அம்புட்டுத்தான்" என்பார்.

அதே தகட்டைச் சுருட்டிப் பந்து செய்ய முடியாது. உருளையும் கூம்பும் வளைத்தாலே வந்துவிடும். கோளத்துக்குத் தகடு இழுபட்டாக வேண்டும். இதைக் கணிதமாக நிறுவியவர் காஸ், 1827-இல். குடம் அடிப்பவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே செம்பைக் காய்ச்சி, அடித்து, மெலியவைத்து வயிற்றை வரவழைத்துவிட்டார்கள்.

வளைப்பது, அடிப்பது என்ற இந்த இரண்டுக்குள்தான் தகட்டுச் சிற்பம் முழுவதும் அடங்குகிறது என்பது என் எண்ணம். 1914-இல் பிக்காசோ தகட்டை வெட்டி வளைத்து ஒரு கிதார் செய்தார். நடுவில் துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பள்ளத்தை உருளையாகக் காட்டலாம் என்ற துணிச்சல் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

நம் ஊரில் சிற்பி பி.வி. ஜானகிராம் அடிக்கிற வழியை எடுத்துக்கொண்டார். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலக் கலைக்கிராமத்தைச் சேர்ந்தவர். கோயிலில் சாமிக்குச் சாத்துகிற கவசத்தைப் போலவே அவர் சிற்பங்களும் முன்னிருந்து பார்ப்பதற்கானவை. தகடு பரப்பாக விரிய, அதன்மேல் பற்றவைத்த கம்பிகள் கோடாக ஓடும். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் செம்பிலும் பித்தளையிலும் அந்த முன்முகப் பார்வையை வளர்த்தெடுத்தார். இவர்களை 'அலங்காரம்' என்று ஒதுக்குவது அநியாயம்.

சோழமண்டலம் இருக்கும் சென்னை ஈஞ்சம்பாக்கத்துக்குப் போகிறவர்கள் அங்கே தகட்டுச் சிற்பம் எதையாவது கண்டால், இடம் இருந்தால் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். முன்னால் மேடாகத் தெரிவதெல்லாம் அங்கே பள்ளம். சுத்தி எங்கே விழுந்தது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.