கடைசிப் பிள்ளை எங்கே நிற்கிறது?

ஒரு தொடக்கப் பள்ளியின் தரத்தைப் பார்க்கப் போகிறவர் முதலில் தலைமையாசிரியர் அறையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பதிவேடுகள் வரும், தேநீர் வரும், எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்துக் கணக்கு வரும். பிள்ளைகளைப் பார்க்க அரை மணி நேரம்கூட மிஞ்சாது. ஆசிரியர் பயிற்றுநராகப் பென்னாகரம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்வரும் நான், நேரே மூன்றாம் வகுப்புக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்துவிடுவேன். முதல் இரண்டு ஆண்டில் பள்ளி என்ன கொடுத்தது, எதை விட்டது என்பது அங்கே தெரிந்துவிடும்.

வாசிக்கச் சொல்லிப் பாடநூலைக் கொடுப்பதில்லை. எல்லாரும் சேர்ந்து சொல்லிச் சொல்லி அது மனப்பாடமாகியிருக்கும். விரல் ஒரு சொல்லில் நிற்கும், வாய் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் பிள்ளைகள் பார்த்திராத குட்டிக் கதைத்தாள்கள் என் பையில் எப்போதும் இருக்கும். “பாப்பா, இதை எனக்கு வாசிச்சுக் காட்டு” என்று கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்கிற பிள்ளைக்குக் கொம்பு தெரிகிறது. பின்னால் நிற்கும் காலைச் சேர்த்துப் பார்க்க வரவில்லை. இரண்டே நாள் வேலை அது. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று வாசித்தால் உடனே திருத்தமாட்டேன். அது வீட்டுப் பேச்சு. எழுத்து பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் சுழிக்கிற மதிப்பீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கணக்கிலும் அப்படித்தான். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று; எது பெரியதோ அதிலிருந்து சிறியதை எடுத்துவிட்டார்கள். ஒருமுறை அப்படி எழுதிய பையனிடம், “தம்பி, உங்கிட்ட 52 ரூபா இருக்கு. கடையில 27 ரூபாய்க்கு வாங்கிட்ட. மீதி எவ்வளவு வரணும்?” என்று கேட்டேன். விரலை மடக்கி, உதட்டுக்குள் எண்ணி, “இருபத்தஞ்சு” என்றான். சிலேட்டில் 35 அப்படியே இருந்தது. அவனுக்குக் கழித்தல் தெரியும்; சிலேட்டில் போடுவதும் அதே கழித்தல்தான் என்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. தேர்வுத் தாளில் அவனுக்குக் கிடைப்பது பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வைத்து அவனைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, அவனுக்குக் கிடைத்த கற்பித்தலைப் பற்றி நிறையச் சொல்லலாம்.

பிறகு ஆசிரியர். பதிவேட்டைப் பார்க்காமல், வகுப்பில் பின்தங்கியிருக்கும் நான்கு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லச் சொல்வேன். மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில் ஒரு டீச்சர் சொன்னார்: “அவன் மெய்யெழுத்து வந்தா நின்னுடறான் சார். ஆடியில அப்பா அம்மாவோட பெங்களூரு கட்டட வேலைக்குப் போயிட்டுத் தையிலதான் வந்தான். தினம் சாப்பாட்டு மணிக்கு முன்னால பத்து நிமிஷம் அவனுக்குன்னு வச்சிருக்கேன்.” சுவரில் வண்ண அட்டை ஒன்றும் பெரிதாக இல்லாத அறை அது. அந்த ஒன்றியத்தில் நான் பார்த்த மிக நல்ல வகுப்பு அதுதான்.

அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்பையும் இருவர் சுமக்கும் பள்ளியை, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் நகரத்துப் பள்ளியோடு சராசரி மதிப்பெண்ணால் ஒப்பிடுவது அநியாயம். போன வருகைக்கும் இந்த வருகைக்கும் நடுவே கடைசிப் பிள்ளை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே நியாயம். சராசரி எழுபது என்று வந்தாலும், எழுத்துக்கூட்டவே வராத நான்கு பேர் அதற்குள் மறைந்துபோவார்கள். பிரதம் அமைப்பு 2005-இல் தொடங்கிய ஏசர் ஆய்வு, பிள்ளைகளை வீட்டிலேயே ஒவ்வொருவராக உட்காரவைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கச் சொன்னதால்தான் இது நாட்டுக்கே தெரிந்தது. 2022-இல் தமிழ்நாட்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை டிசம்பரிலும் அரும்பிலேயே இருந்தால் ஏன் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். குழுவில் இருக்கும் பெற்றோரே, கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை பற்றிப் பேசுங்கள், அவசியம் பேசுங்கள். கலைவதற்கு முன் இதையும் கேளுங்கள்: “டீச்சர், இன்னும் வாசிக்க வராத பிள்ளைங்க எத்தனை பேர்? அவங்களுக்கு என்ன செய்றீங்க? நாங்க என்ன செய்யணும்?”