பயிற்சிக் கூடத்துக்கு வெளியே நடக்கும் பயிற்சி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, பாடப்புத்தகத்தில் ஒரு மொழி என்று வளர்கிற பிள்ளைகள் இங்கே ஏராளம். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக இப்பகுதி அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு கல்வித் தொண்டு நிறுவனம் வேலை செய்கிறது. அதன் களப்பணியாளர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள், பட்டப்படிப்பு முடித்தவர்கள். இவர்களைப் பயிற்றுவிப்பது முதுநிலைப் பயிற்றுநரின் வேலை. அந்தப் பொறுப்பில் இருக்கும் அம்மையாரோடு பயிற்சிக் கூடத்துக்கும் பள்ளிகளுக்கும் போய்வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

பிள்ளைகளைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் நாம் நிறைய எழுதுகிறோம். கற்பிப்பவர்களைத் தயார் செய்கிறவர்களின் தொழிலோ யார் கண்ணிலும் படாமலே இருக்கிறது. அதை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனேன்.

பயிற்சிக் கூடம் என்றால் மேடை, ஒலிபெருக்கி, திரையில் ஓடும் படங்கள் என்று எதிர்பார்ப்போம். இங்கே பாய் விரித்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய பாடம், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்று கண்டறிவது. முதலில் ஒரு சிறு பத்தியைக் கொடுக்க வேண்டும். சரளமாக வாசித்தால் கதைக்குப் போகலாம். தடுமாறினால் சொற்கள், அதுவும் வரவில்லையென்றால் எழுத்துகள். ‘பிரதம்’ அமைப்பு 2005 முதல் நாடு முழுவதும் நடத்திவரும் ‘அசர்’ கணக்கெடுப்பில் பயன்படுகிற முறை இது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பார்க்கும்போதுதான் அதன் சிரமம் தெரிந்தது.

பயிற்றுநர் மூன்றாம் வகுப்புப் பையனாக நடித்தார். ஒரு களப்பணியாளர் எதிரே உட்கார்ந்து சொல் அட்டையை நீட்டினார். பயிற்றுநர் “ம... ர...” என்று இழுத்து நிறுத்தினார். அடுத்த நொடியே எதிரிலிருந்து “மரம்!” என்று பதில் வந்தது. பயிற்றுநர் நடிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நீயே சொல்லிட்ட. இப்ப அந்தப் பையனுக்கு வாசிக்க வருமா வராதான்னு உனக்கு எப்படித் தெரியும்மா?”

சொல்லிக்கொடுக்கிற ஆசை உள்ளவர்களுக்குச் சும்மா காத்திருப்பது மிகக் கடினம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று நொடிகளாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பதையும் அவர் காட்டினார். இந்த ஆய்வைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்ற முடியும். இந்தப் பயிற்றுநர் செய்தது வேறு. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று வரை எண்ண வைத்தார். திரும்பத் திரும்ப, பழகும்வரை.

ஒரு பெண் கேட்டார்: “அக்கா, எங்க ஊர்ப் பசங்க பழத்தைப் பளம்னுதான் வாசிப்பாங்க. அதைத் தப்புன்னு போடறதா?”

“எழுத்தைப் பார்த்து அது எந்தப் பொருள்னு அவனுக்குத் தெரியுதா?”

“தெரியுதுக்கா.”

“அப்ப அவனுக்கு வாசிக்க வருது. நாக்குக்குத்தான் வரலை. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா, தெரிஞ்ச பையனைத் தெரியாதவன்னு எழுதிடுவோம்.”

வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையைத் தமிழில் தேறாதவன் என்று ஒதுக்கிவிடாமல் காக்கிற பாடம் இந்தச் சின்ன உரையாடலில் நடந்து முடிந்துவிட்டது.

அடுத்து ஒரு பள்ளிக்குப் போனோம். களப்பணியாளர் வகுப்பெடுத்தார், பயிற்றுநர் கடைசியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடங்களை வட்டங்களாக வரைந்து வைத்திருந்தார். யாரிடம் கேள்வி கேட்கப்படுகிறதோ அந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளி. யாராவது தானாக முன்வந்து பேசினால் ஒரு சிறு கோடு.

மதிய உணவு வேளையில் இருவரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

“உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று முதலில் கேட்டார் பயிற்றுநர்.

“நல்லா போச்சுக்கா. ஆனா பின்னாடி இருக்கற பசங்க வாயே திறக்கலை.”

நோட்டை அவர் பக்கம் திருப்பினார் பயிற்றுநர். முன்வரிசை வட்டங்களில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. பின்வரிசையில் எல்லாமே காலி. அந்தப் பெண் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் கேக்கவே இல்லையேக்கா” என்றார்.

அறிவுரை எதுவும் அங்கே தேவைப்படவில்லை. “நாளைக்கு இதே வகுப்பை நான் எடுக்கறேன். நீ பின்னாடி உக்காந்து புள்ளி வை” என்றார் பயிற்றுநர். மறுநாள் அப்படியே நடந்தது. ஜன்னலோரம் ஒரு பெண்பிள்ளையின் வட்டம் காலியாக இருப்பதைக் களப்பணியாளர் தயங்காமல் சுட்டிக்காட்டினார். “ஆமா, விட்டுட்டேன்” என்று குறித்துக்கொண்டார் பயிற்றுநர். தான் வகுப்பெடுப்பதைத் தன்னிடம் பயில்பவர் மதிப்பிட இடம்கொடுப்பவர்தான் பயிற்றுநர் என்று அன்று உறுதியாகத் தோன்றியது.

இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் ஏன் நீங்களே வகுப்பெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகளோடு உட்காராமல் கொஞ்ச காலம் போனாலே, தான் சொல்லித் தருவது பழைய கதையாகிவிடுகிறது என்றார்.

அவர் அனுபவத்தில் சொன்னதை ஆய்வுகளும் உறுதிசெய்கின்றன. பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், வாசிக்கும் நிலைக்கேற்பக் குழுவாக்கிக் கற்பிப்பது பிரதம் வளர்த்தெடுத்த முறை. 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைப் பல மாநிலங்களில் சோதித்தார்கள். உத்தராகண்டிலும் பீகாரிலும் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் கொடுத்துவிட்டு வந்தபோது, பள்ளி நாள்களில் பெரிய மாற்றம் வரவில்லை. ஹரியானாவில் 2012-13 கல்வியாண்டில் அணுகுமுறையை மாற்றினார்கள். பள்ளிகளை மேற்பார்வையிடும் வட்டார ஒருங்கிணைப்பாளர்களுக்கு முதலில் நான்கு நாள் பயிற்சி. அதன்பின் அவர்களே 15 முதல் 20 நாள்வரை உண்மையான வகுப்பறையில் நின்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிகளுக்குத் தொடர்ந்து போய்த் துணை நின்றார்கள். இதற்கென்று தினமும் ஒரு மணி நேரமும் ஒதுக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளின் மொழித்திறன் முன்னேறியது.

நம் நாட்டில் பெரும்பாலான பயிற்சிகள் படிப்படியாகக் கீழே இறங்குகின்றன: மாநிலத்தில் சிலர் பயின்று மாவட்டத்துக்குச் சொல்ல, மாவட்டம் வட்டாரத்துக்கும், வட்டாரம் குறுவள மையத்துக்கும் சொல்கிறது. எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது வேறு வழியும் இல்லை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை எடுக்கும் ஆசிரியர்களிடம், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பார்க்கும் பழக்கத்தைக் கேட்டது. இத்தனை பேருக்கும் ஒரே இடத்தில் சொல்லித் தர முடியாது. ஆனால் பயிற்சி ஒவ்வொரு படி இறங்கும்போதும் செய்முறை குறைந்து பேச்சு கூடுகிறது. கடைசிப் படியில் இருப்பவருக்குக் கையேடும் தேநீரும்தான் மிஞ்சுகின்றன. அந்த இழப்பை ஈடுகட்டுவது பள்ளிக்கே போய்ப் பக்கத்தில் உட்காருகிற வேலை. நோட்டில் வட்டம் போடுகிற வேலை.

அந்த வேலையைச் செய்கிறவர்களின் நிலை என்ன? தொண்டு நிறுவனங்களில் பல பணியிடங்கள் திட்ட நிதியோடு கட்டுண்டவை. நிதி முடிந்தால் வேலையும் முடிந்தது. வகுப்பை உற்றுநோக்கும் கண்ணும், மனம் நோகாமல் குறைசொல்லும் நாவும் கைவரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்த ஒருவர் திட்டம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். களப்பணியாளர்களுக்கும் இதே கதைதான். மலைப்பாதையில் ஓரிரு பேருந்துகளை நம்பிப் பள்ளிக்குப் போகும் இந்தப் பெண்கள், திறமை கூடிவரும் நேரத்தில் விலக நேர்வது அந்தப் பிள்ளைகளுக்கு நேரடி நட்டம்.

‘இத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி அளித்தோம்’ என்ற வரியை ஆண்டறிக்கைகளில் அடிக்கடி படிக்கிறோம். நிதி கொடுப்பவர்களும் அதிகாரிகளும் அந்த எண்ணோடு நிறைவடைந்துவிடக் கூடாது. பயிற்சி கொடுத்தவர் கடைசியாக எப்போது பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார்? பயிற்சி பெற்றவரின் வகுப்பறைக்கு அதன்பின் எத்தனை முறை போனார்? இந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய பயிற்றுநர்களுக்கு நிலையான வேலையும் உரிய ஊதியமும் கொடுங்கள். பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினால், பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் அதுதான்.