புல்வெளி ஊர்கள் – 5: ரயில் வராத நிக்கோடீமஸ்

எல்லிஸ் என்ற சிறு நகரத்திலிருந்து வடக்கே கிளம்பினேன். கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில் இருக்கும் நிக்கோடீமஸுக்குப் போக இதைவிட வசதியான நெடுஞ்சாலைகள் உண்டு. ஆனால் 1877-ல் அந்த ஊரை உண்டாக்க வந்தவர்கள் எல்லிஸில்தான் ரயிலை விட்டு இறங்கினார்கள். அங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர், இரண்டு நாள் நடை. அவர்கள் கால் பட்ட தரையைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஜூலைக் கடைசி. குளிர்காலக் கோதுமையின் அறுவடை முடிந்து, அடிவானம் வரைக்கும் அரிதாள். நடுநடுவே சோளம் பச்சையாக நிற்கிறது. ஓடைக்கரையைத் தவிர எங்கும் மரமில்லை. காற்று ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. இன்று குறுக்கும் நெடுக்குமாகக் கப்பிச் சாலைகள் போட்டிருக்கிறார்கள். அன்று சாலை என்று ஒன்றுமே கிடையாது. திசைகாட்டியை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு.

அவர்கள் கென்டக்கி மாநிலத்துக் கறுப்பின மக்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் தெற்கில் நிலம் பழைய எஜமானர்களிடமே இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே வயலில் வாரத்துக்கு உழுது அதே ஆட்களுக்குக் கடன்பட்டார்கள். 1877-ல் மத்திய அரசின் படைகளும் அங்கிருந்து விலகிக்கொண்டன. அந்த நேரத்தில்தான் கன்சாஸில் கறுப்பின மக்களுக்கென்று ஒரு ஊர் அமைகிறது என்ற துண்டறிக்கை கைக்குக் கை போனது. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நிலத் தரகரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும் சேர்ந்து அமைத்த கம்பெனி வெளியிட்டது அது. 1862-ம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, ஒரு குடும்பம் 160 ஏக்கரில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் அதற்கே சொந்தம். பிறர் நிலத்திலேயே பிறந்து பிறர் நிலத்திலேயே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இது எப்படிப்பட்ட சேதியாக இருந்திருக்கும்!

1877 செப்டம்பரில் ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். வந்த இடத்தில் ஊர் இல்லை. முன்னால் வந்த சிலர் தரையைக் குடைந்து குழிவீடுகளில் இருந்தார்கள், அவ்வளவுதான். பல குடும்பங்கள் உடனே திரும்பிவிட்டன. அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் பிற்காலத்தில் சொன்னது இன்றும் இங்கே எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஊர் எங்கே என்று கணவரைக் கேட்டிருக்கிறார். தரையிலிருந்து புகை வரும் இடத்தை அவர் காட்டியிருக்கிறார். அந்தப் புகைக்குக் கீழே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்று புரிந்ததும் வில்லியானா அழுதுவிட்டார். வழியில் எல்லிஸில் தங்கியிருந்தபோதே அவர்களுடன் வந்த குடும்பங்களில் சில குழந்தைகள் தட்டம்மையில் இறந்திருந்தன. அழுதவர் திரும்பிப் போகவில்லை.

முதல் குளிர்காலத்தை அவர்கள் எப்படித் தாண்டினார்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். விறகில்லை, காய்ந்த சூரியகாந்தித் தண்டையும் காட்டெருமைச் சாணத்தையும் எரித்தார்கள். கையிலிருந்த உணவு தீரும் சமயத்தில், வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்தார்கள். கன்சாஸிலிருந்த தங்கள் நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்துத் தெற்கே போக நேர்ந்த மக்கள் அந்த ஓசேஜ்கள். அமெரிக்கப் புல்வெளியின் வரலாற்றில் நான் அறிந்த கருணைகளில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

வசந்தத்தில் உழவு தொடங்கியது. குதிரை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மண்வெட்டியாலும் கொத்தாலும் மண்ணைப் புரட்டினார்கள். புல்வெளி மண்ணில் வேர்கள் கம்பளம் போலப் பின்னிக் கிடக்கும். இரும்புக் கலப்பையே திணறும். அதைக் கையால் கொத்தியிருக்கிறார்கள். ஜென்னி ஃபிளெட்சர் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர் கணவர் ஜாக்கரி தபால் அதிகாரி ஆனார், பிறகு செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டலையும் தொடங்கினார். 1880-களின் நடுவில் இங்கே வங்கி, ஹோட்டல்கள், கடைகள், தேவாலயங்கள், இரண்டு செய்தித்தாள்கள். இங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882-ல் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு கறுப்பினத்தவர் கன்சாஸ் முழுவதிலும் வாக்குக் கேட்டு வென்றார் என்றால், அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமல்ல.

பிறகு ரயில் கதை. 1887-ல் மிசௌரி பசிபிக் கம்பெனி இந்த வழியே பாதை போடட்டும் என்று ஊர்க்காரர்கள் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் தர வாக்களித்தார்கள். அது வரவில்லை. 1888-ல் யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் சாலமன் ஆற்றின் தென்கரை வழியாக, பல கிலோமீட்டர் தள்ளி. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. நிக்கோடீமஸின் வியாபாரிகள் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு அங்கே போனார்கள். இரண்டு செய்தித்தாள்களும் நின்றன.

இந்த இடத்தில் கதையை முடித்து, ரயில் கொன்ற ஊர் என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே வந்து பார்த்தபின் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரயில் கொண்டுபோனது கடைவீதியை. நிலத்தை அதனால் கொண்டுபோக முடியவில்லை. குடியானவர்கள் வண்டி கட்டிப் போய், போக் ஊரில் கோதுமையை விற்றுவிட்டு வீட்டுக்கு இங்கேதான் திரும்பினார்கள். இன்று நிற்கும் பாப்டிஸ்ட் தேவாலயத்தைச் சுண்ணாம்புக்கல்லால் கட்டியது 1907-ல். பள்ளிக் கட்டடம் 1918-ல். ஊர் மண்டபம் 1939-ல். செத்த ஊர் இப்படியா கட்டும்?

உண்மையான அடி மெதுவாக விழுந்தது. 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் விளைச்சலை அழித்தன. இயந்திரங்கள் வந்தபின் பத்துக் குடும்பம் பார்த்த வேலையை ஒரு குடும்பம் பார்த்தது. இதோடு இன்னொன்றும் இருக்கிறது. பயிர்க்கடன் கேட்டுப் போன கறுப்பின விவசாயிகளை நாடு முழுவதும் அரசு அலுவலகங்கள் இழுத்தடித்தன, மறுத்தன. அதற்காக அவர்கள் தொடுத்த வழக்கு 1999-ல்தான் சமரசத் தீர்வு கண்டது. அதற்குள் எத்தனையோ பண்ணைகள் கைமாறிவிட்டன. ரயிலைக் குற்றம் சொல்வது எளிது. அது வெறும் இரும்பு, 130 ஆண்டுக்கு முந்தியது, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தபால் நிலையம் 1953-ல் மூடியது. 2020 கணக்கெடுப்பில் இங்கே 14 பேர். 1996 முதல் தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் இருக்கும் வரலாற்றுத் தலம் இது. அந்த 14-ஐ நம்பி வந்தால், ஜூலைக் கடைசி வார இறுதியில் திகைத்துப் போவோம். விடுதலை விழாவாகத் தொடங்கி இன்று ஹோம்கமிங் என்று அழைக்கப்படும் கூடுகைக்கு டென்வரிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் கார்கள் வந்து நிற்கின்றன. பெரியம்மாக்கள் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு சிறுவனையும் கூப்பிட்டு யார் பேரன் என்று விசாரிக்கிறார்கள். வெரில் ஸ்விட்சரின் பெயர் அடிக்கடி காதில் விழுந்தது. 1954-ல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்த அமெரிக்கக் கால்பந்து வீரர். இந்த ஊரில் பிறந்தவர். புகழுக்குப் பிறகும் இந்த மண்ணில் உழவை விடாதவர். 2022-ல் காலமானார்.

டென்வரிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னைத் தன் குடும்ப நிலத்துக்கு அழைத்துப் போனார். கொள்ளுத் தாத்தா பதிவு செய்த 160 ஏக்கரில் பாதி இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு வாரத்துக்கு விட்டிருக்கிறார்கள். விற்கச் சொல்லி யாரும் கேட்பதில்லையா என்றேன்.

"வருஷா வருஷம் கேட்கிறார்கள் தம்பி. என் பெண்ணையும் இந்த விழாவுக்குக் கூட்டிவருவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? எல்லைக்கல் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார்.

மீதிப் பாதி எப்போது, எந்தக் கடனுக்குப் போனது என்று அவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அதைத் தேட வேண்டிய இடம் மேற்கே ஹில் சிட்டியில் இருக்கும் கவுன்டி அலுவலகம். துண்டறிக்கை அடித்த அதே ஹில் பின்னால் தன் பெயரில் உருவாக்கிய நகரம் அது. மறுநாள் அங்கே போவதாக முடிவு செய்தோம். பதிவேடுகளைப் பற்றி அடுத்த இதழில்.