கடைச்சீட்டின் பின்பக்கம்

‘படிக்கிற பிள்ளை எங்கே போட்டாலும் படிக்கும்’ என்று சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், பணம் போதாது என்பதை வாய்விட்டுச் சொல்ல மனம் வராதபோது சொல்லப்படும் வாக்கியம் அது. சொல்பவரின் அன்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. வாக்கியத்தின் உண்மையைப் பற்றித்தான் சந்தேகம்.

1993இல் கும்பகோணத்தில் ப்ளஸ் டூ முடித்தபோது எனக்கிருந்த ஆசை ஒன்றே ஒன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டும். 1837இல் சிறிய பள்ளியாகத் தொடங்கி, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்த கல்லூரி அது. மீட்டர்கேஜ் ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து போய் நேர்முகத்துக்கு நின்றேன். மரங்களுக்கு நடுவே ஒரு மாணவன் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் என்ன வாசித்தான் என்று எனக்குத் தெரியாது. பாடப்புத்தகமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு உடலில் ஒரு பசியைப் போலவே எழுந்தது. இடமும் கிடைத்தது.

அப்பா பாத்திரக் கடையில் கணக்குப்பிள்ளை. அவர் எதையும் வாயால் யோசிப்பவர் அல்ல; எழுதித்தான் யோசிப்பார். அரசு உதவி பெறும் பிரிவு என்பதால் கல்விக் கட்டணம் மலைப்பாக இல்லை. விடுதியும் சாப்பாடும்தான் மலைப்பு. அவை அவருடைய சம்பளத்தில் பாதிக்கு மேல் கேட்டன. கல்லூரிக் கட்டணம் என்று நாம் பேசும்போதெல்லாம் மறந்துவிடுவது இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஏழைப் பையனைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் படிப்பின் விலை அல்ல, படிக்கும் ஊரில் உயிர்வாழ்வதன் விலை.

ஒருநாள் அலமாரியில் எதையோ தேடும்போது, கடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் அவர் போட்டிருந்த கணக்கு கையில் கிடைத்தது. என் பெயருக்கு நேரே மூன்று வருடத்துக்கான தொகைகள், அடகு வைக்க வேண்டிய நகையின் எடை, வட்டி. அதற்குக் கீழே தங்கையின் பெயர். அவள் அப்போது பத்தாம் வகுப்பு. அவள் பெயருக்கு நேரே எண் எதுவும் இல்லை. ஒரு சிறு கோடு மட்டும்.

அப்பா என்னிடம் “நீயே யோசிச்சுச் சொல்லுப்பா” என்றார். நான் உள்ளூர் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தேன்.

இதைத் தியாகம் என்று உறவினர்கள் யாராவது சொன்னால் என் தங்கைக்கு இன்றும் கோபம் வரும். அவள் பிறகு பி.எஸ்ஸி., பி.எட். முடித்துக் கணித ஆசிரியை ஆனாள். “உன் கணக்க என் தலையில எழுதாதே அண்ணா, கோடு போட்டது நானில்லையே” என்று ஒருமுறை சொன்னாள். அவள் சொல்வதே சரி. எனக்குக் கணக்கு தெரிந்தது, அவ்வளவுதான்.

காவிரிக்கரையில் இருக்கும் எங்கள் கல்லூரியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ராமானுஜனிடம் போய்விடுவார்கள். 1904இல் அங்கே உதவித்தொகையுடன் சேர்ந்தவர் அவர். கணிதத்தைத் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாததால் அதை இழந்தார். தந்தை துணிக்கடைக் கணக்கர், மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவில். 1905இல் ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். மேதைக்குக் கல்லூரி ஒரு பொருட்டல்ல என்பதற்கு இந்தக் கதையை உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. உள்ளூர்க் கல்லூரியும்கூட உதவித்தொகை நின்ற நாளில் ஒரு குடும்பத்துக்கு எட்டாததாகிவிட்டது என்பதுதானே அதில் இருக்கிறது?

கும்பகோணத்தில் நான் பெற்றவை உண்டு. ஷேக்ஸ்பியரைத் தமிழில் விளக்கிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்துக் காட்டிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். வகுப்பில் பாதிப்பேர் தமிழ்வழியில் வந்தவர்கள். அந்த விளக்கம் இல்லையென்றால் மாக்பெத் எங்களுக்கு வெறும் தேர்வுத்தாளாகவே இருந்திருப்பான். நான் சேர்ந்த அதே 1993இல் ‘காதுகள்’ நாவலுக்காக எம்.வி. வெங்கட்ராமுக்கு சாகித்ய அகாதெமி விருது அறிவித்தார்கள். அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதே செய்தித்தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நூலகத்தில் தேடி எடுத்து வாசித்தேன். அங்கிருந்து கு.ப.ரா., ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு என்று நான் நடந்த தெருக்களே புத்தகங்களாக விரிந்தன. தாம்பரம் போயிருந்தால் இந்த வரிசையில் இவர்களை அடைந்திருப்பேனா என்று தெரியவில்லை.

ஆனால் இதைச் சொல்லி அதை ஈடுகட்ட முடியாது. ஆங்கிலம் பேச வாயெடுக்கும்போது நெஞ்சில் ஒரு கணம் ஏற்படும் அடைப்பு எனக்கு முப்பது வயது தாண்டியும் இருந்தது. வேறு மாநிலத்து, வேறு மொழி நண்பன் ஒருவனை நான் சந்தித்ததே வேலைக்குப் போன பிறகுதான். இவையெல்லாம் நஷ்டங்கள். நஷ்டம் என்று பெயர் சொல்லிவிட்டால் முடிவு தவறாகிவிடும் என்று ஏன் பயப்பட வேண்டும்? முடிவு சரிதான். நஷ்டமும் உண்மைதான்.

2024இல் நண்பர் ஒருவரின் மகளுக்கு டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் வரலாறு படிக்க இடம் கிடைத்தது. 2022இலிருந்து அங்கே பொது நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். இங்கே அரசு கல்லூரியிலும் இடம் இருந்தது. நண்பர் என்னிடம் வந்து, “நீங்களும் கும்பகோணத்திலதானே படிச்சீங்க, எங்க படிச்சாலும் ஒண்ணுதான்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

நான் மறுத்துவிட்டேன். அதற்குப் பதில் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அங்கேயும் கல்விக் கட்டணம் பெரிதில்லை. விடுதி கிடைக்காவிட்டால் வெளியே எடுக்க வேண்டிய அறை, சாப்பாடு, வருடத்துக்கு இரண்டு ரயில் பயணம், குளிர்காலத் துணி. பிறகு கல்விக்கடன். ஈடில்லாமல் 7.5 லட்சம் வரை தரும் திட்டம் உண்டு. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். வட்டி மட்டும் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதைச் சிலரே சொல்வார்கள். இடத்தை ஏற்றுப் பணம் கட்டுவதற்கான கெடுவை அந்தப் பெண் தாளின் மேலே சிவப்பு மையால் எழுதிக்கொண்டாள்.

கெடு சாதாரண விஷயமல்ல. அதே ஆண்டு ஜூனில், உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் கிடைத்த இடத்தை இழந்தான். செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 142ஆம் பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவனைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனால்தான் அந்தத் தொகைக்கு வழி பிறக்கும் என்றால், போகாதவர்களின் எண்ணிக்கை என்ன?

கணக்கு பாதியில் இருக்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: “மாமா, தாம்பரம் போயிருந்தா உங்களுக்கு என்ன கிடைச்சிருக்கும்?” தெரிந்ததைச் சொன்னேன், நஷ்டங்களையும் சேர்த்து. நண்பருக்கு அது பிடிக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பிக்கு எழுதலையேப்பா” என்றாள். அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. நண்பர் பேனாவை எடுத்தார், எண் எதுவும் தோன்றாமல் வைத்தார். அவளே வாங்கி எழுதினாள். அறைக்குப் பதில் விடுதி கிடைத்தால்தான் போவது, கடனை ஐந்து லட்சத்துக்குள் நிறுத்துவது, வீட்டு நகையைத் தொடாமல் தம்பிக்கு வைப்பது.

விடுதி கிடைத்தது. அவள் டெல்லியில் சேர்ந்தாள். கடன் பத்திரத்தில் அவளும் தந்தையும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மூன்றாண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறினால் தவணை 2028இல் தொடங்கும்.