ஒரு மீட்டர் அலைதானே!

உங்கள் வீட்டில் 14 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இரவு சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "நான் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று அவள் அறிவித்தால் என்ன செய்வீர்கள்? என் அண்ணி செய்ததைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள்.

"உன் அத்தையைக் கேள். அவள்தான் பத்திரிகைக்காரி, எல்லாம் தெரிந்தவள்" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றப் போய்விட்டாள்.

எனக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மெரீனாவில் சுண்டல் எங்கே நன்றாயிருக்கும் என்பதுதான். ஆனால் "தெரியாது" என்று சொல்ல பத்திரிகைக்காரியின் நாக்கு வளைகிறதா? "காலநிலை பார்த்துப் போனால் ஒன்றும் ஆகாது, அண்ணி. இப்போதெல்லாம் அலைக்குக்கூட ஜோசியம் வந்துவிட்டது" என்று பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு படிக்க வேண்டியதாயிற்று.

படிக்கப் படிக்க ஆச்சரியமாகத்தான் இருந்தது. நம் கரையில் வந்து உடைகிற அலை நம் ஊர்க் காற்றில் பிறந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. இந்து மகாசமுத்திரத்தின் தென்கோடியில், மனிதர் நடமாட்டமே இல்லாத இடத்தில், ஒரு புயல் அடிக்கிறது. அது கிளப்பிய அலைகள் காற்றை விட்டு விலகி, சுமார் 6,000 கிலோமீட்டர் கடந்து, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துச் சென்னைப் பக்கம் வந்து சேருகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை எங்கோ அடித்த புயலுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகள் துள்ளுகிறார்கள்!

இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் வால்டர் மங்க் என்ற விஞ்ஞானி. 1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் படைகள் இறங்க வேண்டியிருந்தபோது, அலை எவ்வளவு உயரம் வரும் என்று சொல்லும் முறையை ஸ்வெர்ட்ரப் என்பவரோடு சேர்ந்து வகுத்தவர் அவர். பிறகு 1963-ல், தெற்கே கிளம்பிய அலைகளை நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரையில் பசிபிக் மகாசமுத்திரத்தின் குறுக்கே வழிநெடுகக் கருவி வைத்துத் தொடர்ந்து பார்த்தார். 101 வயது வரை இருந்து 2019-ல் காலமானார். கொடுத்து வைத்த மனிதர்.

நிற்க. ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அத்தையும் மருமகளும் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். பாறை கிடையாது, மணலில் உடையும் அலை. விழுந்தால் மண்டை உடையாது என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். விடியற்காலையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அப்போது நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அலை கண்ணாடி மாதிரி வழவழவென்று எழும்பும். மதியம் கடற்காற்று புகுந்ததும் எல்லாம் கலைந்து, இட்லிமாவை ஓங்கிக் கலக்கினாற்போல் ஆகிவிடும்.

கைபேசியில் முன்னறிவிப்பைப் பார்த்தேன். அலை உயரம் 1 மீட்டர். இடைவெளி 13 விநாடி. முதல் எண்ணைப் பார்த்துத் திருப்தியடைந்து கைபேசியை மூடிவிட்டேன். அந்த இரண்டாவது எண்ணை நான் பார்த்திருக்க வேண்டும், வாசகர்களே!

கற்றுக்கொடுக்கும் தம்பி மணலில் நின்றபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, இன்னைக்கு வேண்டாமே. நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

"நாளைக்கு இவளுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஆபீஸ். ஒரு மீட்டர் அலைதானே, தம்பி!" என்றேன் நான்.

படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கினார். "தெண்டி ஓடுது, பாப்பா. அதோ பாரு, அலை உடையாம கறுப்பா ஒரு வழி தெரியுதில்லே? அது வாய். அதும் பக்கம் போவக்கூடாது" என்றார். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்று பெயராம். எதிர்த்திசையில் ஓடினால் வண்ணி.

வெட்கத்தை விட்டு உங்களிடம் ஒன்று சொல்லுகிறேன். அந்தக் கறுப்பு வழியைத்தான் நான் முதலிலேயே பார்த்து வைத்திருந்தேன். 'அங்கே அலையே இல்லையே, குழந்தையை அங்கே இறக்கினால் பத்திரமாயிருக்குமே' என்று நினைத்தேன். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும் எல்லோருடைய கண்ணுக்கும் அந்த இடந்தான் சாதுவாகத் தெரியும். உண்மை என்னவென்றால், மணல் திட்டின் மேல் அலை உடைந்து கரைப் பக்கம் கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டுமல்லவா? திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அதன் வழியாக ஆறு மாதிரி உள்ளே ஓடும். அங்கே ஆழம் அதிகமாதலால் அலை உடைவதில்லை. வேகம் எடுத்துவிட்டால் ஒலிம்பிக் நீச்சல்காரர்கூட அதை எதிர்த்து நீந்த முடியாது.

தம்பி அரை மனசோடு ஒத்துக்கொண்டார். வாய்க்கு நன்றாகத் தெற்கே தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கினார். கரையிலிருந்த நீலப் படகுக்கு நேராகவே நிற்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பத்து நிமிஷம் கடல் பூனைக்குட்டி போல் இருந்தது. பெண் இரண்டு தடவை பலகையில் எழுந்து நின்றுவிட்டாள். நான் படம் எடுத்தேன். பிறகு ஓர் அலை வந்தது. அதன் பின்னால் அதைவிடப் பெரிதாக ஒன்று. அதற்கும் பின்னால் இன்னும் ஒன்று.

13 விநாடி என்பதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பக்கத்துக் காற்றில் பிறந்த 6 விநாடி அலைக்கு, ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் மறு முகட்டுக்கும் நடுவே 56 மீட்டர் தூரம். 13 விநாடி அலைக்கோ 260 மீட்டருக்கு மேல்! உயரம் ஒன்றாயிருந்தாலும் அது சுமந்து வரும் பலம் வேறு. கூட்டமாக வரும், நடுநடுவே கடல் தூங்குவது போல் ஏமாற்றும். இன்னொரு விஷயம்: முன்னறிவிப்பில் '1 மீட்டர்' என்று போட்டால், எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி என்று பொருள். தனி அலை ஒன்று அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்குகூட வரலாம்.

பெண் விழுந்தாள், எழுந்தாள், பலகையைப் பிடித்தாள். நீலப் படகை அவள் பார்க்கவில்லை. தெண்டி அவளைக் கொஞ்சங் கொஞ்சமாக வடக்கே நகர்த்தியதை அவளும் உணரவில்லை, கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்த நானும் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் கறுப்பு வழியில் இருந்தாள். அவள் தலை சிறுத்துக்கொண்டே போயிற்று.

செருப்போடு ஓடினேன். முழங்கால் நனையுமுன் பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "நீ எறங்காதே! அப்பாலே ரெண்டு பேரைத் தேடணும்" என்று அதட்டினார்.

அந்தப் பெண் என்ன செய்தாள், தெரியுமா? முதல் பாடத்தில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள். கரையை நோக்கித் துழாவவில்லை. பலகையின் மேல் படுத்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தினாள். தம்பி அதே வாய்க்குள் தம் பலகையோடு பாய்ந்தார். நம்மை இழுத்துப் போகும் அந்த ஓட்டந்தான் அவர்களுக்கு உள்ளே போகும் ரஸ்தா! இருவரும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலைமேலேயே கரை சேர்ந்தார்கள். ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அந்த நேரத்தில் ஒரு முடி நரைத்தது. காட்டச் சொன்னால் காட்டுவேன்.

"அத்தை, அழறியா?" என்று கேட்டாள் அவள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2024 மே 6-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது நினைவுக்கு வந்தது. கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்லும் அந்த அலைக்கு, ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. காற்றில்லாமல், மேகமில்லாமல், வெயில் அடிக்கிற நாளில் திருடன் போல் வருவதால் அந்தப் பெயர்.

அடுத்த வாரம் தனியாக மறுபடி அந்தக் குப்பத்துக்குப் போனேன், பெரியவருக்கு ஒரு வேட்டியோடு. கறுப்பு வழியைக் காணோம்! வடக்கே ஐம்பதடி தள்ளிப் புதிதாக ஒன்று திறந்திருந்தது. "மணலு நடக்கும் பாப்பா" என்று சிரித்தார். ஆழ்கடல் அலையைச் சொல்லுகிற முன்னறிவிப்புக்கு, நேற்றிரவு இந்தக் கரையில் மணல் எங்கே நகர்ந்தது என்பது எப்படித் தெரியும்? அதைக் கரையில் நின்று பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

பெண் இப்போதும் போகிறாள். இறங்குவதற்கு முன் கால் மணி நேரம் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறாள். நானும் கூட உட்காருகிறேன், கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நடந்த எதையும் அண்ணியிடம் நாங்கள் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை காலையில் வரும். முதலில் தொடர்கதைகளைப் படிப்பாள், பிறகு சமையல் குறிப்பு. இந்தப் பக்கத்துக்கு வர எப்படியும் மூன்று மணி ஆகிவிடும். மூன்றரைக்கு என் டெலிபோன் அடிக்கும். நான் ஆபீசில்தான் இருப்பேன்.