மடக்குக் கத்தி

இரண்டு மாத காலமாக ஒரு கத்தி என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. வாசகர்கள் பயப்பட வேண்டாம். யாரும் அதை என் கழுத்தில் வைக்கவில்லை. நானும் யார்மீதும் அதை ஓங்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அது சமர்த்தாக மடங்கிப் படுத்திருக்கிறது. விலை நானூறு டாலருக்கு மேல். சுங்கத் தீர்வை முதலிய தொல்லைகளையும் சேர்த்தால் நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். வாங்கலாமா, வேண்டாமா என்பதுதான் பிரச்னை.

"நாற்பதாயிரமா? அது தானாகவே வெங்காயம் நறுக்குமா?" என்று கேட்டாள் என் மனைவி. நறுக்காது என்றேன்.

"போலீஸ்காரன் பிடிச்சுக்கமாட்டானா?" என்பது அவளுடைய இரண்டாவது கேள்வி. அதற்கு என்னிடம் தைரியமான பதில் இருந்தது. ஆயுத விதிகளில் பேசப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தக் கத்தியின் அலகு ஏறக்குறைய 3 அங்குலந்தான் என்று விளக்கினேன்.

"மூணு அங்குலத்துக்கா நாற்பதாயிரம்?" என்று விஷயம் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

எனக்கு ஒரு கத்தி தேவை என்பதென்னவோ உண்மை. வருஷத்துக்கு இரண்டு தடவை நாங்கள் நண்பர்கள் நாலு பேர் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏதாவது ஒரு பாதையில் நடந்துவிட்டு வருகிறோம். முன்போல நினைத்த இடத்தில் ஏறிவிட முடியாது. 2018-ஆம் வருஷம் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2024-இல் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்துகொண்டு வழிகாட்டியுடன் போகும்படி ஏற்பாடு செய்தது. வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். காட்டில் நெருப்பு மூட்டக்கூடாது. ஆகையால், வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல் கத்தியால் சுள்ளி சீவிக் குளிர்காயும் வேலை நமக்குக் கிடையாது. எங்கள் கத்திக்கு உள்ள உத்தியோகமெல்லாம் வெள்ளரிக்காய் நறுக்குவது, கயிறு அறுப்பது, என் பென்சிலைச் சீவுவது ஆகிய மூன்றுதான். மழையில் மை கலைந்துவிடும் என்பதால் மலையில் நான் பென்சிலால்தான் குறிப்பு எழுதுவது வழக்கம்.

இந்த உத்தியோகத்துக்கு, சந்தையில் நூறு ரூபாய்க்கு வாங்கிய மடக்குக் கத்தி ஒன்று ஏழெட்டு வருஷம் என் பையில் கிடந்தது. சென்ற டிசம்பரில் அது என்னை விட்டுப் போய்விட்டது. போன கதையைப் பிறகு சொல்கிறேன்.

இடம் காலியாக இருப்பதை யாரோ சொல்லியனுப்பியது போல, அடுத்த மாதமே அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் மகன் தன் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தான். எத்தனை வருஷம் அயல்நாட்டில் இருந்தாலும் பழக்கம் போகவில்லை. கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று மேஜைமேல் வைத்தான். "எடுத்துப் பாருங்க மாமா" என்றான்.

எடுத்தேன். சாம்பல் நிறத்தில் டைட்டானியத் தகடு இரண்டு, நடுவே அலகு. பளபளப்பு, வேலைப்பாடு ஒன்றும் இல்லை. கட்டைவிரலால் தள்ளினால் கதவு திறப்பது போல் விரிந்து, 'டிக்' என்று நின்றது. கைப்பிடித் தகட்டிலேயே நாக்குப்போல ஒரு துண்டை அறுத்து உள்ளே சற்று வளைத்திருக்கிறார்கள். அலகு விரிந்தவுடன் அந்த நாக்கு அதன் அடியில் போய் முட்டுக் கொடுக்கிறது. நாமாக அதை விலக்கினாலொழிய அலகு மடங்காது. தனியாக ஒரு வில் கிடையாது. இத்தனை எளிமையை எட்ட எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! மூன்று பக்கத்தில் சொல்ல வேண்டியதை மூன்று வரியில் சொன்ன கதையைப் படித்ததுபோல் இருந்தது எனக்கு. அந்தப் 'டிக்'கிலேயே விழுந்துவிட்டேன்.

கத்தியின் பெயர் செபென்சா. ஜூலு மொழியில் 'வேலை' என்று பொருளாம். அதைப் படைத்த கிறிஸ் ரீவ், தென்னாப்பிரிக்காவில் பட்டறை வைத்திருந்து, 1989-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் குடியேறியவர். "எது வேண்டுமானாலும் வாங்கி வருகிறேன். மார்ச் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள்" என்று பையன் விடைபெற்றுக்கொண்டான். அன்று பிடித்தது சனி.

ஆசை வந்துவிட்டால் நியாயங்களுக்குப் பஞ்சமா? முதலில், எழுத்தாளனுக்கும் மடக்குக் கத்திக்கும் பரம்பரை உறவு உண்டு என்று கண்டுபிடித்தேன். ஏட்டில் எழுதிய காலத்தில் நம் புலவர்களிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரே கைப்பிடியில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி. இரண்டும் மடங்கி உள்ளே போய்விடும். மேல்நாட்டாரின் பேனாக்கத்தியும் இறகுப் பேனாவைச் சீவப் பிறந்ததுதான். ஆக, கத்தி வைத்துக்கொள்ளாத எழுத்தாளன்தான் விசித்திரப் பிராணி.

இரண்டாவது நியாயம், எஃகு. இதிலும் நமக்கு உரிமை இல்லாமல் போகவில்லை. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில், மூசையில் வைத்து எஃகு உருக்கிய உலைகளின் அடையாளங்களை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். தென்னாட்டு உருக்கின் ரகசியம் என்ன என்று 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடேயே மண்டையை உடைத்துக்கொண்டார். நல்ல எஃகைக் கண்டால் கை நீள்வது நம் ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிக்கொண்டேன்.

விலை கூடிய எஃகில் விஷயம் இல்லாமலில்லை. இரும்பில் கரி சேரச் சேரக் கடினமாகும். குரோமியம் சேர்ந்தால் துருப்பிடிக்காது. ஆனால் கடினம் அதிகமானால் விளிம்பு பொரிந்து உதிரும் அபாயமும் வரும். அந்த அபாயம் இல்லாமல் கடினத்தைக் கூட்டத்தான், உலோகத்தைப் பொடியாக்கி மறுபடி அழுத்தி இறுக்கும் முறையெல்லாம் வந்திருக்கிறது. அப்படிச் செய்த அலகு பல நாள் கூர் மழுங்காது. மழுங்கினால், நம் வீட்டு அம்மிக்கல்லில் நாலு இழுப்பு இழுத்துச் சரிசெய்ய முடியாது. வைரப்பொடி பதித்த கல் வேண்டும்.

இதை எனக்கு நன்றாக விளங்க வைத்தவர் எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் வரும் சாணை பிடிக்கிறவர். பையன் ஊரில் இருந்தபோது ஒருநாள் அவர் வர, கத்தியைக் காட்டினோம். அலகின் குறுக்கே கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "நல்ல சாமான்" என்றார். விலையைக் கேட்டார். பையன் சொன்னான். உடனே கத்தியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இதை என் கல்லுல வைக்கமாட்டேங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா ஈடு கட்ட என்னால ஆகாது."

முப்பது வருஷம் எங்கள் தெருவின் கத்திகளையெல்லாம் தொட்ட கை அது. அது விலகிக்கொண்டது எனக்கு என்னவோ போல் இருந்தது.

இனிமேல் பழைய கத்தி போன கதை. டிசம்பரில் தேனிப் பக்கத்து மலையொன்றில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஓடையைக் கடக்கும்போது எங்களில் ஒருவர், என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், பாசியில் வழுக்கிக் கணுக்காலை மடக்கிக்கொண்டு விழுந்தார். நிமிஷத்தில் கால் புஸுபுஸுவென்று வீங்கிவிட்டது. செருப்பைக் கழற்ற முடியவில்லை. வழிகாட்டிப் பையன் விழுந்து கிடந்த கிளை ஒன்றைத் தேடி எடுத்து, தன் அரிவாளால் இரண்டு முழம் பட்டையாகப் பிளந்தான். அரிவாள் பிடிக்குச் சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருந்தான். என் கத்தியை வாங்கி ஒருவர் செருப்பு வாரை அறுத்தார். இன்னொருவர் அதைப் பிடுங்கித் துண்டைக் கிழித்தார். அப்புறம் வழிகாட்டி அதன் முதுகில் கல்லால் தட்டிக் கட்டையில் காடி வெட்டினான், கட்டு நழுவாமல் இருப்பதற்காக. கத்தி நாலு கை மாறியது. யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அந்த எண்ணமே இல்லை. சிநேகிதரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடை ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது, நாலு மணி நேரம் ஆயிற்று. அடிவாரம் வந்த பிறகு, கத்தி வழிகாட்டியின் இடுப்பில் இருப்பதைக் கவனித்தேன். அவன் எடுத்து நீட்டினான். "நீயே வைத்துக்கொள், தம்பி" என்றேன்.

சிநேகிதருக்கு இப்போது கால் குணமாகிவிட்டது. செபென்சாவுக்கு வக்காலத்து வாங்குவதில் அவர்தான் முதல் ஆள். அவர் வாதத்தை நான் மறைக்கக்கூடாது.

"அன்றைக்கு உன் கத்தியின் கீல் ஆடிக்கொண்டிருந்தது, பூட்டும் கிடையாது. கல்லால் தட்டும்போது மடங்கியிருந்தால் அந்தப் பையனின் விரல் போயிருக்கும். காட்டில் விலையா பார்ப்பது? நாற்பது வருஷமாக உசத்திப் பேனாவில் எழுதுகிறாயே, கால் ரூபாய்க் கட்டைப் பேனா ஏன் வாங்கவில்லை?" என்றார்.

பூட்டைப் பற்றி அவர் சொன்னது முழுக்க நியாயம். மடக்குக் கத்தியின் பலவீனமே கீல்தான். நடுவில் முறிந்த ஒரு பொருளை முழுப் பொருள்போல் நிற்கவைப்பதுதான் அதன் வித்தை. பூட்டில்லாத கத்தியை நானும் இனி மலைக்குக் கொண்டுபோகமாட்டேன். ஆனால் பூட்டுக்கு நாற்பதாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. பிரான்ஸில் சவாய் மலைப் பக்கத்தில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி இன்றும் விற்கிறது. பீச் மரக் கைப்பிடி, ஒரே அலகு. 1955-இல் அதன் கழுத்தில் ஓர் உலோக வளையம் சேர்த்தார்கள்; திருகினால் அலகு மடங்காது. செபென்சாவின் விலையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். குறையும் உண்டு: ஈரத்தில் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது சவாய்க் குடியானவர்கள் கைப்பிடியின் அடியைக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். உள்ளே போனவனை முதுகில் தட்டி வரவழைப்பது போல! கல்லால் அடிக்க இதுவும் ஏற்றதல்ல. உண்மையில் எந்த மடக்குக் கத்தியும் அதற்கு ஏற்றதல்ல. அடிக்க வழிகாட்டியின் அரிவாள் இருக்கிறது.

பேனாவைப் பற்றிய கேள்விதான் என்னை இரண்டு நாள் மடக்கிப் போட்டது. பேனாவை நான் தினமும் ஐந்து மணி நேரம் தொடுகிறேன். அதன் முள் என் கையின் சாய்வுக்குத் தேய்ந்து எனக்கே உரியதாகிவிட்டது. யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டேன், கொடுக்கவும் கூடாது. காட்டில் கத்தியின் தர்மம் வேறு. எவன் கைக்கு அவசரமோ அவன் கைக்குப் போவதற்காகத்தான் அது பையில் இருக்கிறது. அன்று ஓடைக்கரையில் இருந்தது செபென்சாவாக இருந்தால், அது தாங்கியிருக்கும், சந்தேகமே இல்லை. நான் தாங்கியிருப்பேனா? வழிகாட்டி கல்லை எடுத்தபோது "ஐயையோ, பார்த்து!" என்று என் வாய் கத்தியிருக்காதா? ஒரு கண் சிநேகிதரின் காலிலும் ஒரு கண் நாற்பதாயிரத்திலும் இருந்திருக்காதா? பணக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லாமல் இருக்கலாம். விலை என்பது பொருளில் இல்லை. வாங்குகிறவனின் மடியில் இருக்கிறது. என் மடிக்கு அந்தக் கத்தி 'வேலை' அல்ல, காவல் காக்க வேண்டிய சொத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கத்தி மூன்று தலைமுறை உழைக்கும் என்று பையன் சொன்னபோதுதான் என் ஆசை கொழுந்துவிட்டது. எனக்கு அறுபத்தேழு வயது. இடது முழங்கால் இறக்கத்தில் முணுமுணுக்கிறது. "இன்னும் எத்தனை வருஷம் மலை?" என்று டாக்டரைக் கேட்டால் அவர் நகைக்கிறார். அழியாத ஒரு சாமானைப் பையில் போட்டுக்கொண்டால், பையைச் சுமக்கிறவனுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்று மனத்தின் மூலையில் ஒரு நப்பாசை. விற்கப்படுவது கத்தி, நான் வாங்க நினைத்தது வருஷங்கள். அவை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை.

வருஷத்துக்கு நாலு நாள் வீதம் பத்து வருஷம் நடந்தாலும் நாற்பது நாள். ஒரு நாளைக்குக் கத்தி வாடகை ஆயிரம் ரூபாய்! அதே பணத்தில், வழிகாட்டிக் கட்டணம், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எத்தனையோ நாள் நடந்துவிட்டு வரலாம், கால் இருக்கும்போதே.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி பையனுக்குப் பதில் எழுதினேன். மரப்பிடிக் கத்தி ஒன்று போதும். கூடவே முழங்காலுக்குப் போடும் பட்டை, நல்லதாக இரண்டு: ஒன்று எனக்கு, ஒன்று என் சிநேகிதருக்கு. பட்டையின் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.