பென் டிரைவில் அண்ணி

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அண்ணனுக்கு 84 வயது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. அண்ணி போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. முதல் திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, சின்னவ கல்யாணக் கேசட்டுல உங்க அண்ணி பேசுவா. அதப் பாக்க முடியுமாடா?"

1994-இல் எடுத்த வீடியோ அது. கேசட் பாரிஸில் சின்னவளிடம் இருந்தது. சொன்னதும் அங்கே ஒரு கடையில் கொடுத்து கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றி, இணையம் வழியாக அனுப்பிவிட்டாள். கூடவே வந்த குறிப்பில் '6,3 ஜிகாஒக்தே' என்று பிரெஞ்சில் போட்டிருந்தது. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கமா. நாம் பைட் என்பதை அவர்கள் ஒக்தே என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தது இத்தனை காலம் கழித்து இதற்காவது உதவியதே என்று சிரித்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க இறங்கி, விடியும்போது ஃபைல் என் கம்ப்யூட்டரில் இருந்தது.

அண்ணனால் மாடியை விட்டு இறங்க முடியாது. என் கம்ப்யூட்டர் மேசையோடு கிடப்பது. அவர் வீட்டில் இணையமும் இல்லை. டிவியோடு இணைத்த ஒரு சின்ன மீடியா பிளேயர் உண்டு. அதில் பென் டிரைவைச் சொருகினால் படம் ஓடும்.

என் பென் டிரைவ் 32 ஜீபி. பாதிக்கு மேல் காலி. ஆனால் காப்பி செய்யப் போனால், ஃபைல் மிகப் பெரியது என்று சொல்லி மறுத்துவிட்டது. இடம் இருக்கிறது, ஆனால் ஏற்க மாட்டேன் என்கிறது! மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அதே பதில்.

எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பையனைக் கூப்பிட்டேன். பார்த்ததும், "தாத்தா, இது ஃபாட் 32. ஒரே ஃபைல் நாலு ஜீபிக்கு மேல இருந்தா எடுத்துக்காது" என்றான்.

அவன் விளக்கியதை எங்கள் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். பேரேட்டில் தொகை எழுதும் கட்டத்தில் ஆறு இலக்கத்துக்குத்தான் இடம் என்று வையுங்கள். பெட்டியில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் பத்து லட்ச ரூபாயை ஒரே வரியில் பதிய முடியாது. ஃபாட் 32-இல் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிட் கொண்ட கட்டம்தான் உண்டு. அதில் எழுதக்கூடிய பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் பதிய வழியில்லை. 1996-இல் வந்த முறை இது.

வழி இரண்டு என்றான். ஃபைலை இரண்டாக வெட்டலாம். இல்லையென்றால் பென் டிரைவை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றி ஃபார்மட் செய்யலாம், ஆனால் மீடியா பிளேயர் அதைப் படிக்க வேண்டும். அண்ணி பேசும்போது படம் பாதியில் நின்றால்? வெட்ட மனம் வரவில்லை. பிளேயரோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தோம். என்டிஎஃப்எஸ் படிக்கும் என்று இருந்தது.

பையன் ஃபார்மட் பொத்தானை அழுத்தப் போனான். "இருப்பா" என்று கையைப் பிடித்தேன். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும். நான் எழுதிய பழைய கட்டுரைகள் பலவும் அதில்தான் இருந்தன, வேறு பிரதி கிடையாது. முதலில் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தேன். பிறகுதான் அழுத்தச் சொன்னேன்.

இந்த முறை காப்பி ஓடியது. இருபது நிமிஷம் ஆயிற்று. முடிந்ததும் பிடுங்கப் போன என்னைப் பையன் தடுத்தான். திரையில் முடிந்ததாகக் காட்டினாலும் உள்ளே எழுதிக்கொண்டிருக்கலாமாம். பத்திரமாக எடுக்கும் கட்டளை கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகே கழற்றினேன்.

சாயங்காலம் அண்ணன் வீட்டில் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து, பந்தி நடக்கும் இடத்தில், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணி திரும்பினார்.

"தம்பி, மூணாம் பந்திக்கு இலை இருக்கான்னு பாருங்க!"

அவ்வளவுதான் பேச்சு. அடுத்து கேமரா வேறு பக்கம் போய்விட்டது.

"பாத்தியா, அங்கயும் உன்னத்தான் வேலை வாங்குறா" என்றார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு ரிமோட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "பின்னால ஓட்டுறதுக்கு எந்தப் பொத்தான்டா?"

காட்டிக் கொடுத்தேன். பென் டிரைவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.